தூசி என்று தட்டிவிட்ட மூன்று தீவுகள்

அந்தக் கடைத்தெருவில் எந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் அது அவர் கைதான். மருந்துக்கடையின் பச்சைக் கூட்டல் குறி அவர் போட்டது. பல் டாக்டர் வாசலில் சிரிக்கிற பல் அவர் போட்டது. முன்னால் போகிற வண்டிக்காரன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி ஆம்புலன்ஸ் நெற்றியில் திருப்பி ஒட்டியிருக்கிறதே, அந்த எழுத்தும் அவர் ஒட்டியதுதான். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

தெருவில் அவருக்கு நேர்கோட்டார் என்று பெயர். வெறும் கண்ணால் பார்த்து அவர் ஒட்டிய ஸ்டிக்கரை ஸ்கேல் வைத்துச் சோதித்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். கம்ப்யூட்டரில் படம் வரைகிற வெக்டர் மென்பொருளை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெனுவில் இருக்கிற ஆங்கிலம் அவருக்குப் படம் மாதிரிதான். மேலிருந்து நாலாவது, அதற்குள் கீழிருந்து இரண்டாவது என்று கை தானாகப் போகும். புதுப் பதிப்பு வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்த வருஷம், கடையை இழுத்து மூடிவிட்டு, சந்தைக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளையைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கித் தேடினார். தேடிக் கண்டுபிடித்தும்விட்டார். படித்த பையன்கள் அதற்கு வகுப்புக்குப் போனார்கள்.

அந்த மென்பொருளில் படம் என்பது புள்ளிகளும், புள்ளிகளை இணைக்கிற வளைவுகளும்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. விசிட்டிங் கார்டுக்குப் போட்ட பல்லை மூன்று மாடிக் கட்டடத்துக்கும் ஏற்றலாம். போட்டு முடித்ததும் கட்டர் மெஷினுக்கு அனுப்பினால், ஊசிமுனைக் கத்தி ஒன்று அந்தக் கோட்டின் மேலேயே ஓடி ஸ்டிக்கரை வெட்டிக் கொடுக்கும். கத்திக்கு ஒரே ஒரு சத்துரு உண்டு. பொடிப்பொடியான உருவங்கள். பயறு அளவுக்கும் சின்னதாக ஏதாவது படத்தில் இருந்தால், கத்தி அதை வெட்டும்போது அந்தத் துணுக்கு பெயர்ந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மொத்த ஷீட்டும் குப்பைக்குத்தான். காகிதத்தில் வரைந்ததை ஸ்கேன் செய்து கோடாக மாற்றும்போது, தூசியும் தும்பும் இப்படிப் பொடிப்பொடியாக வந்து விழும். அதனால் ஸ்கேன் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், பொடியை எல்லாம் ஒரே வளைப்பாக வளைத்துப் பிடித்து அழிப்பது. யோசித்துச் செய்வதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறோமே, அப்படி.

அந்தப் பழக்கம்தான் அவர் தலையில் மண்ணைப் போட்டது.

அவருடைய வீட்டம்மா எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருப்பாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நிற்கும்போது, துணி காயப் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்காரும்போது, கட்டைவிரல் ஃபோனில் ஓடிக்கொண்டே இருக்கும். தங்கச்சியோடு வம்பளக்கிறாள் என்று நேர்கோட்டார் நினைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் அச்சகம் வைத்திருந்தான். ஒருநாள் அவன்தான் கடைக்கு வந்து விஷயத்தை அவிழ்த்தான்.

"மாமா, அக்கா கதை எழுதுறது உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா? உங்க வீட்ல இருக்கிறவங்கதான். ஃபோன்ல ஒரு ஆப் இருக்கு. அதுல வாராவாரம் போடுறாங்க. ராஜா, கோட்டை, கடல், பறக்குற ஓநாய்னு என்னென்னமோ வருது. படிக்கிறவங்க கூட்டம் கூட்டமா இருக்காங்க. இப்ப புஸ்தகமா போடச் சொல்லி என் உசுரை எடுக்கிறாங்க."

நேர்கோட்டாருக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு பெருமையாக இருந்தது. பிறகு மறுபடியும் சுருக்கென்றது. ஊரே படிக்கிறதாம், இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து தனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அவரிடம் சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அவள் கடைக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய தொழிலில் ஒரு துரும்பையும் தனக்கென்று கேட்காதவள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ஒரு மேப் போட்டுத் தரணும்."

"எந்த ஊரு?"

"எந்த ஊரும் இல்ல. என் கதையில வர்ற நாடு. புஸ்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கத்துல வரணும்."

"இல்லாத நாட்டுக்கு மேப்பா?"

"இருக்கிற நாட்டுக்குத்தான் கடையில விக்குதே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடற்கரை நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. மலைகளுக்குக் கூரை கூரையாகப் போட்டிருந்தாள். ஆறு ஒன்று மலையில் மெல்லிசாகத் தொடங்கி, கடலுக்கு வரும்போது தடித்திருந்தது. அதை மட்டும் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். கீழே இடது மூலையில், கரையை விட்டுத் தள்ளி, கடலுக்குள் மூன்று பொட்டு.

"கதையைக் கொஞ்சம் படிச்சிட்டுப் போடுறீங்களா? இல்லேன்னா நான் சொல்றேன், எது எதுன்னு."

"பல் டாக்டருக்கு போர்டு போடுறதுக்கு நான் பல்லைப் புடுங்கிக்கணுமா? வச்சிட்டுப் போ. உன் ராஜாவே வந்து கையெடுத்துக் கும்பிடுற மாதிரி போட்டுத் தரேன்."

அவள் சிரித்தாள். நன்றாக வர வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது. அதில் சந்தேகமே கிடையாது.

தாளை ஸ்கேனரில் போட்டார். கோடாக மாற்றினார். கை பழக்கத்துக்குப் போய், பொடிகளை வளைத்துப் பிடித்து அழித்தது. ஸ்கேனர் கண்ணாடியின் தூசி, பென்சில் தூள், காலண்டர் தாளின் சொரசொரப்பு எல்லாவற்றோடும் அந்த மூன்று பொட்டும் போயின. அவை தூசி அல்ல. அவள் கதையில் பாதி ஜனம் அந்த மூன்று பொட்டில்தான் குடியிருந்தது. புத்தகத்துக்கான மேப்பைக் கத்தி வெட்டப்போவதும் இல்லை, மைதான் அச்சடிக்கப்போகிறது. மைக்கு எந்தப் பொடியும் பயமில்லை. இதெல்லாம் அவர் அறியாததா? அறிந்ததுதான். அன்றைக்குக் கை முந்திக்கொண்டது.

பிறகு அவர் உழைத்த உழைப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. நடுங்கின கரையை ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து வளைத்தார். ஒரு மலையைச் செய்து, அதை நகலெடுத்து, ஒன்று மாதிரி ஒன்று இல்லாதபடி சாய்த்து, குட்டையாக்கி, தொடராக அடுக்கினார். கடலுக்கு மேலிருந்து கீழாக நீலம் ஏறும்படி நிறம் கொடுத்தார். கடலின் பெயரை அலை போன வளைவின் மேலேயே ஓட விட்டார். சரக்கெல்லாம் சொந்தச் சரக்கு. காட்டு மரங்கள், செடி விற்கிற கடையின் பலகையிலிருந்து வந்தவை. கோட்டை, ஒரு பூட்டுக் கம்பெனியின் முத்திரை. திசை காட்டும் நட்சத்திரம், கதவு நம்பர் போட்டுக் கொடுத்த விடுதி ஒன்றின் சின்னம். அலை, தண்ணீர் கேன் ஸ்டிக்கரில் இருந்தது. மற்றவனாக இருந்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்திருக்கும். அவர் சேர்த்தபோது அது ஒரே நாடாக நின்றது.

கடைசியில், எந்தப் பலகைக்கும் செய்வதைப் போல, மூலையில் சின்னதாகக் கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் போட்டார். கீழே இடது மூலை காலியாகத்தானே கிடந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "அம்மாடி" என்றாள் மெதுவாக. அந்த ஒரு வார்த்தைக்கு அவர் அரை அடி உயர்ந்தார். அப்புறம் அவள் விரல் தோளுக்கு மேலாக வந்து, திரையின் கீழ் மூலையைத் தேடிக்கொண்டு போனது.

"இங்க மூணு..."

"ஸ்கிரீன்ல விரல் வைக்காத. ரேகை படியும்."

விரல் பின்வாங்கியது. "இங்க மூணு புள்ளி வச்சிருந்தேனே."

"தூசி. ஸ்கேன்ல வரும். தட்டிட்டேன்."

"தூசியா?"

"உனக்கு அது தெரியாது. தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். சொல்லு, எப்படி இருக்கு?"

ஒரு விநாடி அவர் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். கழுத்து திரும்பவில்லை. ஆற்றின் வளைவைப் பெரிதாக்கிக் காட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

அன்று சாயங்காலமே அதைப் பெரிதாக அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினார். எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரரை நிறுத்திக் காட்டினார். முகவரி விசாரிக்க வந்த வழிப்போக்கனைக்கூட விடவில்லை. "என் வீட்டம்மாவோட நாடு. நான் போட்டது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மச்சினன் மட்டும் சட்டத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தான்.

"மாமா, கடல்ல எதுக்கு ஃபோன் நம்பர்?"

"நாளைக்கு ஒருத்தன் பார்த்துட்டு வேலை கொடுக்கணும்னா?"

"அந்த நாட்டு ராஜா கோட்டைக்கு போர்டு மாட்டணும்னா கூப்பிடுவாரு. சரிதான்."

"அச்சடிக்கிறவன் அச்சடிக்கிற வேலையைப் பாருடா."

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் மேப். நேர்கோட்டார் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார். எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டான் என்று மச்சினனைக் குறை சொன்னார். உண்மையில் பெரிதாகப் போட்டிருந்தாலும் படித்திருக்க மாட்டார். பலகை எழுத்தைத் தவிர வேறு எதையும் உட்கார்ந்து படித்துப் பழக்கமில்லாத மனிதர். ஒரு பக்கம் படிக்க அவருக்கு ஆகிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்.

சில மாதம் கழித்து ஒரு நர்ஸ் அம்மா அந்த மாதிரி ஸ்கூட்டர் வேலைக்குத்தான் வந்தாள். வண்டிக்குப் பின்னால் சிவப்புக் கூட்டல் குறி வேண்டும். அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சுவரைப் பார்த்தாள்.

"அண்ணே, இது அந்தக் கதையோட மேப்தானே?"

"ஆமாம்மா. நான் போட்டது."

"நீங்களா? அப்ப எழுதுறவங்க?"

"நம்ம வீட்டம்மா."

அவர் எதிர்பார்த்தது வேறு. நர்ஸ் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவங்ககிட்ட சொல்லிடுங்க. எனக்கு அவங்க மேல செம கோவம். ஓடக்காரியை எதுக்கு கொன்னாங்க?"

"யாரு ஓடக்காரி?"

"என்னண்ணே, வீட்லயே இருந்துக்கிட்டு. மூணு தீவு இருந்துச்சுல்ல. கடுகு மாதிரி. அவ்வளவு சின்னதா இருக்கிறதால எந்த ராஜாவுக்கும் கண்ணுல படாது. அதனாலதான் அந்த ஜனங்க வரி கட்டாம, சண்டைக்கு ஆள் அனுப்பாம நிம்மதியா பொழைச்சாங்க. சண்டையில இருந்து தப்பிச்சு ஓடி வர்றவங்களை எல்லாம் அந்த ஓடக்காரிதான் ராத்திரியோட ராத்திரியா அங்க கொண்டுபோய்ச் சேர்ப்பா. கதையே அவதான்ணே. என்ன வாய் அவளுக்கு. தளபதியையே 'ஓரமா உக்காருடா, ஓடம் சாயுது'ன்னுவா."

அவர் கத்தியை நிறுத்தினார்.

"திடீர்னு ஒரு வாரம், முன்னப் பின்ன ஒண்ணும் சொல்லாம, கடல் ஏறி மூணு தீவும் போச்சு. அவளும் போயிட்டா. நான் ஒரு பெரியவருக்கு டிரிப் ஏத்திக்கிட்டே ஃபோனைப் பார்த்தவ, அழுதுட்டேன். பேஷன்ட் எனக்கு ஆறுதல் சொல்றாரு. எத்தனை பேர் திட்டி எழுதினாங்க தெரியுமா? அவங்க ஒரே பதில்தான் போட்டாங்க. 'எனக்கும் வருத்தம்தான்'னு."

"இது எப்ப நடந்துச்சு?"

"புஸ்தகம் வருதுன்னாங்களே, அப்பத்தான். மேப் ரெடி ஆயிடுச்சு, என் வீட்டுக்காரர் போட்டாருன்னு சந்தோஷமா ஒரு வரி போட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம்."

அவள் போன பிறகு நேர்கோட்டார் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தார். கடலின் நீலத்தை மறைத்தார். மலையை, மரத்தை, எழுத்தை ஒவ்வொன்றாக மறைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்கேன் செய்த பென்சில் படம் அப்படியே கிடந்தது. கீழ் மூலையைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஒரு பொட்டில் உள்வாங்கிய ஒரு சின்ன வளைவு இருந்தது. இன்னொன்றிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு கடலுக்குள் நீண்டிருந்தது. ஓடம் கட்டுகிற துறை. மூன்றாவதில் பென்சிலை அழுத்தி ஒரு குத்து, வீடாகவோ விளக்காகவோ இருக்கலாம். பென்சிலை எவ்வளவு கூராகச் சீவியிருந்தால் இது வரும் என்று தொழில்காரருக்குத் தெரியும். தூசிக்குத் துறை இருக்காது. மறைத்த எழுத்தைத் திரும்ப வரவழைத்தார். அந்த இடத்துக்கு நேர் மேலே, தடித்த எழுத்தில், தன்னுடைய ஃபோன் நம்பர்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"அந்த மூணு புள்ளி தீவா?"

அவள் கை ஒரு போர்வையின் பாதியில் நின்றது. "யார் சொன்னா?"

"ஒரு நர்ஸ் வந்தாங்க. உன் மேல கோவமா இருக்காங்க."

"இருப்பாங்க."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். ரேகை படியும்னீங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் போர்வையின் மறு நுனியை அவரிடம் நீட்டினாள். இருவரும் பிடித்து மடித்தார்கள்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு நிமிஷ வேலை அது."

"அதுக்குள்ள சுவத்துல மாட்டிட்டீங்க. தையல்காரர், தபால்காரர், யாரை விட்டீங்க. என் வீட்டம்மாவோட நாடுன்னு சொன்னீங்க. என்னைப் பத்தி வெளியில நீங்க பெருமையா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லத்தான் வந்தேன், கடை வாசல்ல நின்னு அதைக் கேட்டுட்டு, உள்ள வராமலே திரும்பிட்டேன்."

"அதுக்காக அத்தனை பேரையும் மூழ்கடிச்சியா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மேப்ல இல்லாத தீவை உள்ள எழுதி வச்சா, மேப் போட்டவனுக்கு வேலை தெரியலன்னு நாலு பேர் சொல்லுவாங்க. உங்களை அப்படிச் சொல்ல விடுவேனா?"

ஊரில் யாரோடும் பேசி ஜெயிக்கிறவர், அன்று தலையணை உறையைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தார். யாராவது தன் வேலையைக் குறை சொன்னால் தான் எப்படிக் கத்துவோம் என்பது அவருக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பயந்து தீவை மூழ்கடித்தாளா, தன் மேல் பிரியம் வைத்து மூழ்கடித்தாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நான் இப்பவே திரும்ப வச்சுடறேன். மூணும் அப்படியே அடியில இருக்கு, எங்கயும் போகல. அடுத்த தடவை அச்சடிக்கும்போது..."

"வேண்டாங்க."

"ஏன்?"

"ஒவ்வொருத்தரையா எழுதி முடிச்சிருக்கேன். யார் எங்க நின்னா, யார் கடைசியா என்ன சொன்னான்னு. இப்ப தீவைத் திரும்ப வச்சா, அவங்க செத்தது விளையாட்டாயிடும். படிச்சு அழுதவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" துணி அடுக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவங்க மூழ்குறதை எழுதின அன்னிக்கு சமையல்ல உப்புப் போட மறந்துட்டேன். தட்டைத் தள்ளி வச்சிட்டு எழுந்து போனீங்க."

அவருக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் கோப்பிலிருந்து கடைப் பெயரையும் நம்பரையும் அழித்தார். விற்றுப்போன புத்தகங்களில் அவை இருக்கத்தான் செய்யும்; அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சுவரில் இருந்ததைக் கழற்றி மேஜைக்கடியில் வைத்தார். தையல்காரர் கேட்டதற்குச் சட்டம் உடைந்துவிட்டது என்றார். கேட்காமலே பெருமை பேசுகிற மனிதர், கேட்டும் பேசாமல் போனதைத் தெரு கவனித்தது. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார்கள்.

பிறகு மச்சினனிடம் சொல்லி அந்த ஆப்பைத் தன் ஃபோனில் போட்டுக்கொண்டார். கதையை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். கடையில் ஆள் இல்லாத நேரங்களில், எழுத்தைப் பெரிதாக்கி, உதடு அசைய அசையப் படித்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பறக்கும் ஓநாய் எங்கிருந்து வந்தது என்று பழைய பக்கத்துக்குத் திரும்பித் திரும்பிப் போனார். ஓடக்காரி வந்த பிறகு வேகம் பிடித்தது. அவள் தளபதியை ஓரமாக உட்காரச் சொன்ன இடத்தில் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். அந்தத் திட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. செருப்பை வாசலில் விடச் சொல்லி, நனைந்த துண்டைக் கட்டிலில் போடாதீங்க என்று சொல்லி, தன் வீட்டில் தினமும் கேட்கிற குரல். இவ்வளவு ஜோராகப் பேசுகிறவள் தன் வேலையைப் பற்றி மட்டும் இத்தனை வருஷம் ஏன் 'நல்லா இருக்குங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்தார். யோசனை போகிற வழி பிடிக்காமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார்.

ஒருநாள் அவள் அவருக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஓடத்துக்குத் தார் பூசிட்டு இருக்கா."

"போன வாரமும் அதுதானே சொன்னீங்க."

"நான் மெதுவாத்தான் படிப்பேன். உனக்குத் தெரியாதா."

அவளுக்குத் தெரியும். தார் பூசுகிற அத்தியாயத்துக்கு அடுத்ததில்தான் கடல் ஏறுகிறது. எதிரில் உட்கார்ந்து தன் டீயைக் குடித்தாள். அவர் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தார்ச் சட்டியை ஓடக்காரி அடுப்பிலிருந்து இறக்குகிற வரியை மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினார்.